சீல் உடைத்த மெஷின்

வாடகைக்கு எடுத்த பொருள் பழுதாகிவிட்டால் அதைத் தொடக் கூடாது. தள்ளி நிற்க வேண்டும். சொந்தக்காரனுக்குக் கடிதம் எழுத வேண்டும், அதையும் ரிஜிஸ்டர் தபாலில் அனுப்ப வேண்டும். அவன் சரிசெய்து தராவிட்டால் வேறு இடத்தில் அதே மாதிரிப் பொருளை வாடகைக்கு எடுத்துக்கொண்டு, கூடுதலாகக் கொடுத்ததை அவனிடம் கேட்டு வழக்குப் போட வேண்டும். இந்தச் சட்டமெல்லாம் இன்றைக்கு எனக்கு மனப்பாடம். தெரிந்து என்ன பிரயோசனம்? கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம்.

அறுபதுகளின் கடைசியில் ராயபுரத்தில், ஒரு ஹார்டுவேர் கடையின் மாடியில், நான் டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட் நடத்திக்கொண்டிருந்தேன். எட்டு மெஷின்கள். மூன்று என் சொந்தம், இரண்டாம் கையாக வாங்கிய கிழட்டு மெஷின்கள். மற்ற ஐந்தும் ஜார்ஜ் டவுனில் ஒரு கடையிலிருந்து வருஷ வாடகைக்கு எடுத்தவை. அச்சடித்த ஒப்பந்தத்தில் எல்லாம் இருந்தது. ஓடுகிற நிலையில் மெஷினைத் தர வேண்டியது கடையின் பொறுப்பு; பழுதானால் கடை ஆள் வந்து பார்க்க வேண்டும்; வருஷம் முடிகிற வரைக்கும் மெஷினைத் திரும்ப எடுத்துக்கொள்ளக் கூடாது. அடியில் பொடி எழுத்தில் இன்னொரு வரி: வாடகைக்கு எடுத்தவர் மெஷினைத் திறக்கக் கூடாது. அதற்காக ஒவ்வொரு மெஷினுக்கு அடியிலும் ஒரு கம்பியைக் கோத்து ஈயத்தில் சீல் வைத்திருந்தார்கள்.

அந்தப் பொடி வரியை என்னைக் கட்டிய வீட்டுக்காரரும் படித்தார். படித்துவிட்டுச் சிரித்தார். அவர் ரயில்வே லோகோ ஷெட்டில் பிட்டர். எங்கள் தெருவில் பாதிப் பேர் பிட்டர், டர்னர், பாய்லர் வேலைக்காரர்கள், மீதிப் பேர் ஹார்பர். ஒரு வீட்டில் தையல் மெஷின் நின்றுவிட்டால் சாயங்காலத்துக்குள் நாலு ஆம்பளைகள் அதைச் சுற்றி உட்கார்ந்துவிடுவார்கள். காசு கொடுத்து வெளி ஆளைக் கூப்பிட்டால், அந்த வீட்டில் ஸ்பேனர் பிடிக்கத் தெரிந்த கை ஒன்றுகூட இல்லை என்று தெருவே பேசும். அதைவிடப் பெரிய அவமானம் எங்கள் பக்கம் கிடையாது.

இப்போது என்னிடம் படிக்க வந்த ஒருத்தியைப் பற்றிச் சொல்ல வேண்டும். புளியந்தோப்பிலிருந்து நடந்தே வருவாள். முப்பது வயது இருக்கும், இரண்டு பிள்ளைகள். அவள் புருஷன் சரக்கு இறக்கும் கம்பெனி ஒன்றில் பாரம் தூக்குகிற வின்ச் ஓட்டியவன், வேலையில் செத்துப்போனான். கம்பெனி ஆபீஸில் அவளுக்கு ஒரு வேலை தருவதாகச் சொன்னார்கள். எஸ்.எஸ்.எல்.சி. வரைக்கும் படித்திருக்கிறாள், டைப்ரைட்டிங் லோயர் பரீட்சை பாஸ் செய்துகொண்டு வரட்டும் என்றார்கள். அடுத்த பரீட்சை வரைக்கும் இடத்தைப் பிடித்து வைப்போம், அதற்கு மேல் முடியாது என்று கடிதமும் கொடுத்தார்கள். அந்தக் கடிதத்தை நாலாக மடித்து ரவிக்கைக்குள் வைத்துக்கொண்டு முதல் நாள் என்னிடம் வந்து நின்றாள்.

பகலெல்லாம் கிடங்கில் சாக்கு தைக்கிற வேலை. விரல்களெல்லாம் காய்ப்புக் காய்த்து மரமாக இருக்கும். காலையில் ஆறு மணிக்கு நான் கதவைத் திறக்கும்போது படிக்கட்டில் உட்கார்ந்திருப்பாள். மற்றப் பிள்ளைகள் ஒரு வாரத்தில் முடித்த பாடம் அவளுக்கு ஒரு மாதம் பிடித்தது. சுண்டு விரலுக்கு வேலை கொடுக்கவே வராது. எனக்கு எப்போதும் மூக்கின் மேல் கோபம். ஸ்கேலால் அந்தச் சுண்டு விரலில் ஒரு தரம் போட்டும் விட்டேன். அவள் கையை இழுத்துக்கொள்ளவில்லை. "இன்னொரு தபா அடி டீச்சர், அதுக்கு அப்பயாவது புத்தி வருதான்னு பாக்கலாம்" என்றாள். அன்றைக்குத்தான் ஸ்கேலைத் தூக்கி அலமாரி மேலே போட்டேன். அப்புறம் எடுக்கவே இல்லை.

பரீட்சைக்கு இரண்டு மாதம் இருந்தபோது, சர்வீஸ் செய்ய வேண்டும் என்று கடைக்காரர்கள் ஐந்து மெஷின்களையும் எடுத்துக்கொண்டு போனார்கள். திருப்பிக் கொண்டுவந்து வைத்தது வேறு ஐந்து. நாலு பரவாயில்லை. ஐந்தாவதில் சாவிகள் பூப்போல இறங்கின, ஆனால் தாளைச் சுமந்து நகர்கிற கேரேஜ் நின்ற இடத்தில் நிற்காமல் திடீரென்று ஒரு எழுத்து தாண்டிப் போகும். வார்த்தைக்கு நடுவில் ஓட்டை விழும். பரீட்சையில் ஒவ்வொரு ஓட்டைக்கும் மார்க் போகும். ஆனால் என் தலையெழுத்தைப் பாருங்கள், அவளுடைய மரக்கட்டை விரலுக்கு ஒத்து வந்த ஒரே மெஷின் அதுதான். அவ்வளவு லேசான சாவி வேறு எதிலும் கிடையாது. அந்த ஒரு மெஷினில்தான் அவளுக்கு ஸ்பீடு வந்தது.

கடைக்கு நடந்தேன். நாளைக்கு ஆள் வரும் என்றார்கள். மறுபடி நடந்தேன். நாளை மறுநாள் என்றார்கள். நாலு தடவை போனேன், நாலு தடவையும் வாயால் சொல்லிவிட்டு வந்தேன். ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதிக் கொடுத்து ஒரு கையெழுத்து வாங்க வேண்டும் என்று தோன்றவில்லை. ஊர்ப் பிள்ளைகளுக்கெல்லாம் கடிதம் அடிக்கச் சொல்லிக் கொடுத்தவள் நான்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, மாதா கோயிலில் பூசை முடிந்து வந்ததும் என் வீட்டுக்காரர் சட்டையைக் கழற்றிவிட்டு மாடி ஏறினார். சீல் இருக்கிறது, வேண்டாம் என்றேன்.

"இத்தினியூண்டு மெஷினுக்கு ஆளு வர்ற வரைக்கும் குந்திகினு இருக்கச் சொல்றியாமே? தெருவுல நம்மள இன்னான்னு பேசுவாங்க?" என்றார்.

கட்டிங் பிளேயரால் அந்தக் கம்பியை அறுத்தார். நான் விளக்கைத் தூக்கிப் பிடித்துக்கொண்டிருந்தேன். இதையும் சொல்லிவிட வேண்டும், அவர் மேல் மட்டும் பழி போடக் கூடாது. கேரேஜைப் பிடித்து நிறுத்துகிற பல் தேய்ந்திருந்தது. அரத்தால் ராவினார். ஒரு வாரம் மெஷின் சொன்ன பேச்சுக் கேட்டது. எட்டாம் நாள் காலையில் அவள் அடித்துக்கொண்டிருக்கும்போதே கேரேஜ் இறுகி, அப்படியே நின்றுவிட்டது. இந்தப் பக்கமும் நகரவில்லை, அந்தப் பக்கமும் நகரவில்லை.

அதுவரை வராத கடை ஆள் அன்றைக்கென்று பார்த்து வந்தான். மெஷினைத் தூக்கி அடியில் பார்த்தான். அறுந்த கம்பியைப் பார்த்தான். அப்படியே இறங்கிப் போனான். மறுநாள் காலை வகுப்பு நடக்கும்போதே கைவண்டியோடு இரண்டு பேர் வந்து, பிள்ளைகள் கைக்குக் கீழே இருந்து நாலு நல்ல மெஷின்களையும் தூக்கினார்கள். சொருகியிருந்த தாளை உருவிக் கீழே போட்டுவிட்டுத் தூக்கினார்கள். நான் வாசலில் குறுக்கே நின்றேன். சீலை உடைத்ததும் ஒப்பந்தம் முடிந்துபோயிற்று, பழுதாக்கின மெஷினுக்கு நஷ்டமும் நீங்கள்தான் கட்ட வேண்டும் என்று முதலாளி சொல்லியனுப்பினாராம். இறுகிப்போன அந்த ஒன்றை மட்டும் விட்டுவிட்டுப் போனார்கள்.

உண்மைக் காரணம் வேறு. பரீட்சை நெருங்கினால் மெஷினுக்குக் கிராக்கி ஏறும். எங்கேயோ ஒரு பெரிய இன்ஸ்டிடியூட்டில் கூட வாடகை தருகிறேன் என்றிருக்கிறார்கள். எங்கள் அறுந்த கம்பி கடைக்காரனுக்குக் கிடைத்த சாக்கு.

எங்கள் பக்கத்திலிருந்து லோயர் எழுத வேண்டியவர்கள் எட்டுப் பேர். அந்தக் காலத்தில் பரீட்சை ஹாலுக்கு அவரவர் இன்ஸ்டிடியூட்தான் மெஷினைச் சுமந்துகொண்டு போக வேண்டும். மெஷின் இல்லாதவருக்குப் பரீட்சை இல்லை. என்னிடம் ஓடுகிற மெஷின்கள் மூன்று. பரீட்சைக்கு ஒன்பது நாள்.

ஹைகோர்ட்டுக்கு எதிரில், ஒரு சந்தில் ஆபீஸ் வைத்திருந்த வக்கீலைப் போய்ப் பார்த்தோம். வயதானவர், பொறுமைசாலி. ஒப்பந்தத்தை இரண்டு முறை படித்தார்.

"வாடகைக்கு விடுறவன் கொடுக்கிற பொருள் ஒழுங்கா இருக்கணும்மா. பழுது இருக்குன்னு அவனுக்கே தெரியாதுன்னாலும் அவன்தான் பொறுப்பு. சட்டம் உங்க பக்கம் இரும்பு மாதிரி நின்னுது. நீங்கதான் அதை ஸ்குரூ டிரைவரை வெச்சுக் கழட்டிட்டீங்க."

என் வீட்டுக்காரர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அப்படியும் எல்லாம் போய்விடவில்லை என்றார் வக்கீல். சீல் விஷயம் ஒரு பக்கம் இருக்கட்டும். பழுதான பொருளைத் தலையில் கட்டியது முதல் தப்பு, அது அவன் தப்பு. கோர்ட்டுக்குப் போகாமல் தானாகவே வந்து மெஷினைத் தூக்கினது இரண்டாவது தப்பு. இன்றைக்கே நோட்டீஸ் அனுப்பலாம், நஷ்டஈடு கேட்கலாம். நான் இடையில் புகுந்து, ஒன்பது நாளைக்குள் மெஷினைத் திருப்பிக் கொடுக்கச் சொல்லிக் கோர்ட் உத்தரவு போடுமா என்று கேட்டேன். கேட்டுப் பார்க்கலாம், ஆனால் சீலை உடைத்துவிட்டு வந்து நிற்கிறவர்களுக்கு ஒன்பது நாளில் யாரும் போட மாட்டார்கள், வழக்கு முடிய இரண்டு வருஷமாவது ஆகும் என்றார். போன பரீட்சையைக் கோர்ட்டால் திருப்பித் தர முடியாது என்றும் சொன்னார்.

கடைசியில் இரண்டு விஷயம் சொன்னார். ஒன்று, கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறவனுக்குச் சட்டம் நஷ்டஈடு தராது, எங்கேயாவது போய் மாற்று மெஷின் வாடகைக்கு எடுங்கள், ரசீது வாங்கிக்கொள்ளுங்கள், அந்தக் கூடுதல் வாடகையை அவனிடம் கேட்போம். இரண்டு, இறுகிப்போன அந்த மெஷின்தான் நமக்கு இருக்கிற ஒரே சாட்சி. பல் தேய்ந்து வந்ததை நாளைக்குக் கோர்ட் ஆள் வைத்துப் பார்த்தால் தெரியும். அதனால் அதை யாரும் தொடக் கூடாது.

"உங்க வீட்டுக்காரர் கையைக் கட்டிப் போடுங்க" என்று சொல்லித்தான் அனுப்பினார்.

ஒன்பது நாள் நாய் படாத பாடு. தண்டையார்பேட்டை, வண்ணாரப்பேட்டை, திருவொற்றியூர் என்று ஒரு இன்ஸ்டிடியூட் விடாமல் படி ஏறினேன். பரீட்சைச் சமயத்தில் எவர் மெஷினைத் தருவார்? கல்யாண வீட்டில் அடுப்பைக் கடன் கேட்டது போலப் பார்த்தார்கள். அப்புறம் இன்ஸ்டிடியூட்டுகளை விட்டுவிட்டு மனிதர்களிடம் போனேன். கோயில் பள்ளிக்கூடத்து ஹெட்மிஸ்ட்ரஸ் ஒன்று கொடுத்தார். ஷிப்பிங் ஏஜெண்டு ஆபீஸில் என் பழைய மாணவி ஒருத்தி மேனேஜரைக் கெஞ்சி ஒன்று வாங்கிக் கொடுத்தாள். திருவொற்றியூரில் ஒரு தொழிற்சங்க ஆபீஸிலிருந்து ஒன்று. ரிட்டையரான குமாஸ்தா ஒருவர் தன் வீட்டு மெஷினை, துணியில் சுற்றி, அவரே ரிக்‌ஷாவில் கொண்டுவந்தார். ஒருவரும் வாடகை வாங்கவில்லை. ரசீது என்றதும் ஹெட்மிஸ்ட்ரஸுக்குக் கோபமே வந்துவிட்டது. பின்னால் வக்கீலிடம் இதைச் சொன்னபோது அவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டார். காசு கொடுத்திருந்தால் கேட்கலாம். உதவிக்கு எந்தக் கோர்ட்டிலும் கணக்கு இல்லையாம்.

ஆக ஏழு மெஷின்கள். எட்டுப் பேர்.

பரீட்சைக்கு முந்தைய நாள் காலையில் ஏழு மெஷினிலும் அவளை உட்கார வைத்துப் பார்த்தேன். ஒவ்வொன்றிலும் தடுமாறினாள். சாவி கனம், விரல் பாதியில் நின்றது, ஒரு பக்கத்துக்குள் எண்ண முடியாத பிழை. கடைசியில் கையை மடியில் வைத்துக்கொண்டாள். மூலையில் துண்டு போட்டு மூடி வைத்திருந்த அந்த மெஷினையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எனுக்கு அதுதான் டீச்சர் கைக்கு வருது. நாளைக்கு உட்டா எனுக்கு நாளே இல்ல" என்றாள். அழவில்லை. அழுதிருந்தால்கூட நான் தேற்றியிருப்பேன்.

மத்தியானம் ஷிப்ட் முடிந்து என் வீட்டுக்காரர் வந்தார். நான் போய்த் துண்டை எடுத்தேன். அவர் கிட்டவே வரவில்லை. இரண்டு கையையும் அக்குளில் சொருகிக்கொண்டு கதவோரம் நின்றுவிட்டார். ஊரில் கெட்டதையெல்லாம் திறந்து பார்க்கிற அந்த மனிதரை அப்படி நான் பார்த்ததே இல்லை.

"நான் தொட்டா கேஸு போய்டும்மே. வக்கீலு அவ்ளோ தூரம் சொல்லிகீறாரு. ஒரு தபா பண்ண தப்பே போதும்."

"கேஸு போகட்டும். தெறங்க" என்றேன்.

அவர் என்னைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். பிறகு தரையில் சாக்கை விரித்து உட்கார்ந்தார். இந்த முறை அரமெல்லாம் எடுக்கவில்லை. தேய்ந்த பல்லையே கழற்றிக்கொண்டு இறங்கிப் போய், டர்னர் வேலை செய்கிற அவருடைய சிநேகிதன் வீட்டிலிருந்து, அதே அளவில் கடைந்த புதுப் பல்லோடு வந்தார். சாயங்காலக் கோயில் மணி அடிக்கும்போது கேரேஜைக் கையால் தள்ளிக் காட்டினார். எண்ணெய் விட்டாற்போல் போயிற்று. அவள் உட்கார்ந்து ஒரு பக்கம் அடித்தாள். ஒரு ஓட்டை இல்லை. கழற்றின அந்தப் பழைய பல்லையாவது ஒரு காகிதத்தில் மடித்து வைத்திருக்கலாம். அவர் அதைச் சிநேகிதன் வீட்டுப் பழைய இரும்போடு போட்டுவிட்டு வந்திருந்தார். எனக்கும் கேட்கத் தோன்றவில்லை.

மறுநாள் பரீட்சை ஹாலில், எங்களுக்கு இரண்டு வரிசை தள்ளி, எங்களிடமிருந்து தூக்கிக்கொண்டு போன நாலு மெஷினும் யாரோ பிள்ளைகளுக்கு முன்னால் இருந்தன. அதில் ஒன்றின் ஓரத்தில் நான் சிவப்பு நெயில் பாலிஷால் போட்ட சிலுவைகூட அப்படியே இருந்தது. மணி அடித்தது, அவள் அடிக்க ஆரம்பித்தாள், நான் வெளியே வந்துவிட்டேன்.

அவள் பாஸ். கம்பெனியும் சொன்ன சொல் தவறாமல் வேலை கொடுத்தது. முதல் நாள் ஆபீஸ் போகும் முன் என் வீட்டுக்கு வந்து, என் வீட்டுக்காரர் காலில் விழப் போனாள். அவர் பதறிப்போய் சமையற்கட்டுக்குள் ஓடிவிட்டார்.

எனக்குத்தான் தலைக்கு மேல் வெள்ளம். சீலை உடைக்கிற ஆட்கள் என்று பெயர் பரவிவிட்டது. ஜார்ஜ் டவுனில் ஒரு கடையும் எனக்கு மெஷின் தரவில்லை. மூன்று கிழட்டு மெஷினை வைத்து எத்தனை பிள்ளைக்குச் சொல்லிக் கொடுக்க முடியும்? ஒரு வருஷம் இழுத்துப் பார்த்துவிட்டு மாடியைக் காலி செய்தேன். இனி வக்கீல் போட்டிருந்த நஷ்டஈட்டு வழக்கு ஒன்றுதான். நஷ்டஈடு வந்தால் மறுபடி தொடங்கலாம் என்று இரவும் பகலும் அதையே நம்பிக்கொண்டிருந்தேன்.

எழுபதுகள் பிறந்த பிறகு ஒரு நாள் விசாரணை வந்தது. பழுதை எழுதிக் கொடுத்த கடிதம் ஒன்றுமில்லை, ரசீது ஒன்றுமில்லை. இருந்தது ஒரே சாட்சி, அவள்தான். அந்த மெஷினில் கேரேஜ் தாண்டுவதை வாரக்கணக்கில் அனுபவித்தவள். ஆபீஸில் லீவு போட்டுவிட்டு, இஸ்திரி போட்ட சேலையில் வந்து கூண்டில் ஏறினாள். கேரேஜ் தாண்டியதைத் தெளிவாகச் சொன்னாள். நடுவில் என்னைப் பார்த்து லேசாகச் சிரித்தாள்.

கடைக்காரனுடைய வக்கீல் எழுந்தார். அந்த மெஷின் மேஜை மேல் இருந்தது. நீ பரீட்சை எழுதியது எந்த மெஷினில் என்று கேட்டார். அவள் என்னைப் பார்த்தாள்.

"இதுலதான் சார். இந்த மெஷின்தான் எனுக்கும் என் புள்ளைங்களுக்கும் சோறு போடுது."

அவர் ஒரு தாளைச் சொருகச் சொன்னார். அவருடைய கையிலிருந்த மனுவில் ஒரு பத்தியை அடிக்கச் சொன்னார். நீதிபதியும் தலையசைத்தார். அவள் மேஜைக்கு முன்னால் உட்கார்ந்து, நான் சொல்லிக் கொடுத்தபடி முதுகை நிமிர்த்தி, பார்வை தாளில், விரல் சாவியில், அடிக்க ஆரம்பித்தாள். அந்தச் சுண்டு விரல் தன் வேலையைத் தானே பார்த்தது. என் மாணவி ஒருத்தி பிழை விட வேண்டும் என்று என் ஆயுசில் அன்றைக்குத்தான் வேண்டிக்கொண்டேன். மாதாவே, ஒரே ஒரு எழுத்து தாண்டட்டும், ஒன்றே ஒன்று போதும் என்று. என் பக்கத்தில் என் வீட்டுக்காரர் காதைத் தீட்டிக்கொண்டு அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்தார். அவர் முகம் மலர்ந்துவிட்டது. பாவி மனுஷன், அவரால் மறைக்கவும் முடியவில்லை.

தாள் நீதிபதியிடம் போனது. ஒரு ஓட்டை இல்லை. பழுது இருந்ததற்கு ஆதாரம் இல்லை, சீலை முதலில் உடைத்தது வாடகைக்கு எடுத்தவர்கள், வழக்கு தள்ளுபடி என்று அடுத்த வாரம் தீர்ப்பு வந்தது. வாசிக்காமலே எனக்கு அன்றைக்கே தெரியும்.

அன்றைக்கு விசாரணை முடிந்ததும் வெளியே வராந்தாவில் அவள் தூணைப் பிடித்துக்கொண்டு நின்றாள். பெஞ்சில் உட்கார்ந்திருந்த எங்கள் முகத்தை ஏறிட்டுப் பார்க்கவில்லை.

"நான் அந்த மெஷின் இல்லன்னு பொய் சொல்லியிருக்கணுமா டீச்சர்?"

ஆமாம் என்று நாக்கின் நுனி வரைக்கும் வந்தது. சத்தியமாக வந்தது. இந்த வயதில் அதை மறைத்து யாருக்கு நல்ல பேர் வாங்க வேண்டும்? நான் அவள் கையைப் பார்த்தேன். விரலில் காய்ப்பெல்லாம் போய்விட்டிருந்தது.

அரை நாள் லீவுதானே போட்டிருக்கிறாய், நேரத்துக்கு ஆபீஸ் போய்ச் சேர் என்று சொல்லி அவளை அனுப்பி வைத்தேன்.